கடன் வாங்கி ஊர் சுற்றலாமா?

முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் வீசுகிற நாளிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, ஊர் சுற்றுவதைப் பற்றித்தான். எங்கே போகலாம், என்ன கட்டிக்கொண்டு போகலாம், கைக்குழந்தைக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று. இந்தத் தடவை திண்டுக்கல்லிலிருந்து வந்த கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. நான்கு பக்கம். பெயரைப் போட வேண்டாம் என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி எட்டு வருஷம். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு மூன்று. கணவருக்குத் தனியார் கம்பெனியில் உத்தியோகம். கூட வேலை பார்க்கிறவர்கள் போன வருஷம் குடும்பத்தோடு குலு, மணாலி போய் வந்து, பனியில் உருண்ட போட்டோக்களைக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இவருக்கும் அதே நினைப்பு. கையில் பணமில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு தரம் வங்கியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "சார், உங்க பேர்ல ஒரு லட்சம் ரெடியா இருக்கு, எப்ப வேணும்னு சொல்லுங்க" என்கிறாளாம்.

அந்தச் சகோதரி எழுதுகிறார்: "அக்கா, வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. எட்டு வருஷத்துல அம்மா வீட்டைத் தவிர நான் எங்கேயும் போனதில்லை. சரின்னு சொல்லவும் பயமா இருக்கு. லோன் போதலைன்னா உன் வளையலை வெச்சுக்கலாம்னு சொல்றார். நான் என்ன செய்யட்டும்?"

'கடன் வாங்கி ஊர் சுற்றுவதா? அபசாரம்!' என்று ஒரே வரியில் நான் எழுதிவிட்டுப் போகலாம். என் அம்மாவாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவள் காலத்தில் அது சரியும்கூட. ஏன் தெரியுமா? அவளுக்குப் பயணமே தேவைப்படவில்லை. பள்ளிக்கூடம் மூடியதும் டிரங்குப் பெட்டியோடு எங்களை ரயிலேற்றித் தாத்தா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒரு மாசம். அங்கே கிணற்றடியில் நாங்கள் கும்மாளம் போட, அவள் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு தன் அம்மாவிடம் தலை பின்னிக்கொள்வாள். பாட்டி சுடச்சுட தோசை வார்த்துத் தட்டில் போடுவாள். வருஷத்தில் அந்த ஒரு மாசம்தான் அடுத்தவர் கையால் அவள் சாப்பிட்ட மாசம். அதற்கு 'டூர்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. டிக்கெட்டைத் தவிர செலவும் இல்லை.

இன்றைக்கு அந்தப் பாட்டியே நம் பக்கத்துத் தெருவில் அடுக்கு மாடியில் இருக்கிறாள், முட்டி வலியோடு. கிணறு தூர்ந்துவிட்டது. மாமா பிள்ளைகள் கோடை விடுமுறையில் நீச்சல் வகுப்புக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போகிறார்கள். ஓய்வு வேண்டுமென்றால் ஊரைவிட்டு எங்காவது போனால்தான் உண்டு என்றாகிவிட்டது. அதனால், எட்டு வருஷம் அடுப்படியிலேயே நின்ற பெண்ணுக்கு நாலு நாள் மலைக்காற்று வாங்க ஆசை வந்தால், அதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். உடம்புக்கும் மனசுக்கும் அது அவசியம். ஆசை இருக்கட்டும், அதற்குப் பணம் எங்கேயிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மத்திய அரசு உத்தியோகஸ்தர் வீடுகளில் எல்.டி.சி. என்று ஒன்று உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு தரம் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய் வரப் பயணக் கட்டணத்தை அரசாங்கமே கொடுக்கும். அதில்கூட டிக்கெட்டுக்குத்தான் பணம், தங்குவதும் தின்பதும் நம் பாடு. ஆனாலும் அதை வைத்துத்தான் எத்தனையோ குமாஸ்தா குடும்பங்கள் டில்லியையும் தாஜ்மகாலையும் பார்த்தன. நம் திண்டுக்கல் சகோதரிக்கு அந்த வசதி இல்லை. அவர் வீட்டுக்காரருக்குக் கிடைப்பது போன் போடும் அந்தப் பெண்ணின் ஒரு லட்சம்தான்.

சரி, அந்த ஒரு லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா? பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனிநபர் கடனுக்கு வட்டி ஆளுக்கு ஆள், வங்கிக்கு வங்கி மாறும். 16 சதவீதம், இரண்டு வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாசம் 4,896 ரூபாய் கட்ட வேண்டும். 24 மாசத்தில் கட்டி முடிப்பது 1,17,500 ரூபாய். போகட்டும், இரண்டு வருஷத்துக்கு 17,500 ரூபாய் வட்டிதானே என்று தோன்றும். கடன் கொடுக்கும்போதே 'புராசஸிங் சார்ஜ்' என்று 2 சதவீதம் பிடித்தால் அது ஒரு 2,000, அதற்கு ஜி.எஸ்.டி. 360. ஒரு லட்சம் வாங்கியவர் கைக்கு வருவது 97,640. வட்டி என்னவோ முழு லட்சத்துக்கு.

இந்த வட்டிகூட என்னைப் பயமுறுத்தவில்லை. எனக்குப் பயம் அந்த 24 மாசத்தைப் பார்த்துத்தான். மே மாசம் மணாலியில் பனி விளையாடிவிட்டு வந்தால், ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம் காத்திருக்கும். அதோடு முதல் தவணை. தீபாவளிக்குத் துணி, அதோடு ஒரு தவணை. பொங்கல், நாத்தனார் வீட்டுச் சீர், மறுபடி ஜூன், மறுபடி ஃபீஸ். பயணம் ஆறு நாளில் முடிந்துவிடும், தவணை இரண்டு தீபாவளியைப் பார்த்துவிட்டுத்தான் போகும். ஒரு வருஷம் நாள் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 54,000 ரூபாய் பாக்கி நிற்கும். நம்ப முடியவில்லை அல்லவா? முதல் மாசங்களில் கட்டுவதில் வட்டிக்குப் போகிற பங்கு கூடுதலாக இருப்பதால் வருகிற வினை. ஆக, அடுத்த கோடை விடுமுறை வருகிறபோது, போன கோடையின் கடனில் பாதிக்கு மேல் இன்னும் தலையில் உட்கார்ந்திருக்கும். அந்த வருஷம் எங்கேயும் போக முடியாது. அதாவது, ஒரு பயணத்துக்காக இன்னொரு பயணத்தைத் தின்றுவிடுகிறோம்.

கிரெடிட் கார்டு இதைவிடப் பொல்லாதது. ஹோட்டலுக்கும் டிக்கெட்டுக்கும் அதைத் தேய்த்துவிட்டு, மாசக் கடைசியில் 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருப்பதை மட்டும் கட்டினால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். மீதிக்கு மாசம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால், ஒரு லட்சத்துக்கு ஒரு மாச வட்டி 3,500. அதன்மேல் ஜி.எஸ்.டி. 630. வருஷத்துக்கு 42 சதவீதம். கந்து வட்டிக்காரனைத் தெருவில் திட்டிவிட்டு அவனுடைய தம்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். இன்னொன்று, பாக்கி நிற்கிற வரைக்கும் அந்தக் கார்டில் வாங்குகிற மளிகைச் சாமானுக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். வழக்கமாகக் கிடைக்கிற வட்டியில்லாத நாட்கள் அப்போது கிடைக்காது.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்கிறார்களே, வட்டியே கிடையாதாமே என்று கேட்பீர்கள். பூஜ்ய வட்டி என்று சொல்லிக் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே கண்டித்துவிட்டது. பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள். மொத்தமாகப் பணம் கட்டுகிறவருக்குத் தள்ளுபடி கிடைக்கும், தவணைக்காரருக்குக் கிடைக்காது. வட்டி அந்த இடத்தில் பதுங்கியிருக்கும். கார்டு மூலம் என்றால் வட்டித் தொகைக்கு ஜி.எஸ்.டி.யும் போடுவார்கள். பட்டுப் புடவையில் உள்பக்கம் தைத்த ஒட்டு மாதிரி, பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இனி வளையலுக்கு வருவோம்.

நகைக் கடனில் வட்டி குறைவு. மாசத் தவணை இல்லாத திட்டமும் உண்டு, வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம். அதனாலேயே அது சுலபமாகத் தோன்றுகிறது. வருஷம் முடியும்போது கையில் மொத்தமாகப் பணம் எங்கே இருக்கும்? வட்டியை மட்டும் எப்படியோ புரட்டிக் கட்டி மறுபடி அடகு வைக்கிறார்கள். அடுத்த வருஷமும் அதே. அசல் ஓர் அங்குலம் நகர்வதில்லை. லாக்கரில் நம் நகை, சாவி வேறொருவர் கையில்.

என் சித்தி மகள் 2019 அரையாண்டு விடுமுறையில் ஊட்டி, மைசூர், கூர்க் என்று ஒரு வாரம் போய் வந்தாள். நாலு சவரன் சங்கிலியை வைத்து 80,000 வாங்கினார்கள். கணவர் கார் விற்பனை நிலையத்தில் இருந்தார். மார்ச் போனஸில் மீட்டுவிடலாம் என்று கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் 2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தது. போனஸ் போயிற்று, சம்பளம் பாதியாயிற்று. தவணைகளைத் தள்ளிவைக்கலாம் என்று அப்போது ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் அவகாசம் கொடுத்தது உண்மை. வட்டிக்கு அவகாசம் இல்லையே, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் ஏல நோட்டீஸ் ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. கடனும் வட்டியும் செலவும் போக மீதியைக் கொடுத்தார்கள், அது வாடகை பாக்கிக்குச் சரியாகப் போயிற்று. சங்கிலி வாங்கின காலத்தில் சவரன் என்ன விலை என்று இப்போது பேசிப் பிரயோஜனமில்லை. 2019 கடைசியில் முப்பதாயிரத்துக்குள் இருந்தது. அதற்கப்புறம் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. அவர்கள் சம்பளம் மூன்று மடங்காகவில்லை.

அந்த ஊட்டி போட்டோக்கள் அவள் வீட்டுக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கின்றன. ரோஜாத் தோட்டத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கழுத்தில் கவரிங் சங்கிலி. வருகிறவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

ஆகையால் என் அபிப்பிராயத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு வளையலைக் கழற்றலாம். பிள்ளையின் காலேஜுக்குக் கழற்றலாம். மலை பார்க்கக் கழற்ற வேண்டாம். அதிலும் ஒரு பெண்ணிடம் இருக்கிற, 'இது என்னுடையது' என்று அவள் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே சொத்து பல வீடுகளில் அதுதான். அதை வைப்பதா வேண்டாமா என்பதில் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அவளுடையதாக இருக்க வேண்டும். "வெச்சுக்கலாம்" என்று அவர் முடிவு சொல்லி, இவள் கழற்றிக் கொடுப்பது முறையல்ல.

அப்படியானால் பயணத்துக்குக் கடனே கூடாதா? இங்கேதான் நான் என் அம்மாவிடமிருந்து கொஞ்சம் விலகுகிறேன்.

என் மாமியாருக்கு ஒரே ஆசை, காசி. ராமேசுவரத்தில் கடல் மண் எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து கங்கை ஜலம் கொண்டுவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். யாராவது காசி போய் வந்தால், அந்தக் கறுப்புக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2009-ல் அவர்களுக்கு எழுபத்திரண்டு வயது. முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது. டாக்டர், "இன்னும் ஒரு வருஷம் தாராளமா நடப்பாங்க, அதுக்கப்புறம் சொல்ல முடியாது" என்றார். எங்களிடம் அப்போது சேமிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் ஆபீஸ் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் 20,000 ரூபாய் கடன் போட்டார். பத்து மாசம் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தப் பத்து மாசமும் சினிமா கிடையாது, புதுத் துணி கிடையாது, என் பிள்ளைகள் பழைய செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மாமியார் இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில், மூடியை ஈயம் வைத்து அடைத்த கங்கைச் சொம்பை இரண்டு நாளும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்கள். படுக்கும்போதுகூடக் கீழே வைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் வீட்டு வாசற்படி இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கடனைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒன்று புண்ணியம், மற்றது உல்லாசம் என்பதல்ல. காத்திருக்க முடிந்ததா இல்லையா என்பதுதான். வயதானவர்களின் முட்டி காத்திருக்காது. துபாயிலோ அந்தமானிலோ இருக்கிற அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டான் என்றால் அது காத்திருக்காது. மலை காத்திருக்கும். மணாலிப் பனி அடுத்த வருஷமும் விழும். மூன்று வயதுப் பையனுக்கு இந்த வருஷம் பார்த்தது ஞாபகமும் இருக்கப்போவதில்லை. ஐந்து வயதில் பார்த்தால் இருக்கும். சில அதிசயங்கள் தேதி சொல்லிவிட்டே வருகின்றன பாருங்கள். மூணாறு மலையில் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தரம் பூக்கிறது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. இவ்வளவு அவகாசம் கொடுத்துக் கூப்பிடுகிற பூவைப் பார்க்கக் கடனோடு போவானேன்?

காத்திருக்க முடியாத பயணத்துக்கும் கடன் சின்னதாக இருக்க வேண்டும், ஒரு வருஷத்துக்குள் முடிய வேண்டும், கிடைப்பதிலேயே வட்டி குறைந்ததாக இருக்க வேண்டும். ஆபீஸ் சங்கக் கடன், மகளிர் சுய உதவிக் குழுவின் உள்கடன், இவையெல்லாம் இருக்கும்போது போனில் வருகிற கடனை முதலில் எடுக்காதீர்கள். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கத்தான் வேண்டுமென்றால், கையெழுத்துக்கு முன்னால் 'முக்கிய விவரத் தாள்' கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் கேட்க வெட்கப்படாதீர்கள். அதில், வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து வருஷத்துக்கு இவ்வளவு சதவீதம் என்று ஒரு எண் இருக்கும். போனில் சொன்ன வட்டியைவிட அது கூடுதலாக இருந்தால், எதனால் என்று கேளுங்கள். முன்கூட்டியே அடைத்தால் அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். செல்போன் செயலிக் கடன் எதுவானாலும், உங்கள் போனிலுள்ள பெயர்ப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டால் அந்த நிமிஷமே அதைத் தூக்கிப் போடுங்கள். அப்படிப் பார்க்க அவர்களுக்கு உரிமையே கிடையாது. தவணை ஒரு நாள் தவறினால் உங்கள் சம்பந்தி வீட்டுக்குப் போன் போகும்.

சரி, திண்டுக்கல் சகோதரி இனி அவரிடம் எப்படிப் பேசுவது? "வேண்டாம்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னால் காரியம் கெட்டுவிடும். அவருக்கு உங்களையும் பிள்ளைகளையும் சந்தோஷமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆபீஸில் நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து நிற்கவும் ஆசை. இரண்டும் குற்றமல்ல. ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு, சாப்பாடு முடிந்து அவர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்போது (கிரிக்கெட் ஓடாத நாளாகப் பார்த்து) நிதானமாக ஆரம்பியுங்கள். "போகலாங்க. கண்டிப்பா போகலாம். மாசம் 4,900 நம்மால கட்ட முடியும்னு நீங்கதானே சொல்றீங்க? அதை ஒரு வருஷம் நமக்கு நாமே கட்டிப் பார்ப்போமே" என்று சொல்லுங்கள்.

எல்லாம் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. வங்கியில் 'ரெக்கரிங் டெபாசிட்' போடுங்கள். மாசம் 4,900, பன்னிரண்டு மாசம். கட்டினது 58,800. ஆறரை சதவீத வட்டி என்றால் இரண்டாயிரம் ரூபாய் சேர்ந்து 60,800-க்குக் கொஞ்சம் மேல் கைக்கு வரும். கடன் என்றால் 24 மாசத்தில் 17,500 நீங்கள் கொடுக்க வேண்டும். இங்கே 12 மாசத்தில் 2,000 உங்களுக்குக் கொடுக்கிறார்கள். அறுபதாயிரத்தில் மணாலி வராது என்பார். வராமல் போகலாம். அதற்கு இரண்டு வருஷம் சேர்க்கட்டும், அல்லது மூணாறு போகட்டும். நாலாவது மாசமே டெபாசிட் கட்ட முடியாமல் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நல்லதுதான். கடனாக இருந்திருந்தால் அந்த நாலாவது மாசத்தில் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் தெரிந்துவிடும். பெரிய நஷ்டமில்லாமல் தெரிந்துகொண்டீர்கள்.

தெரு முனைச் சீட்டில் போடலாமா என்று கேட்காதீர்கள். பதிவு செய்த சீட்டு நிறுவனம் என்றால் சட்டத்துக்கு உட்பட்டது, நிர்வாகிக்குக் கமிஷன் இத்தனைதான் என்று வரம்புகூட இருக்கிறது. தெரிந்த அம்மா நடத்துகிற பதிவில்லாச் சீட்டில் பயணப் பணத்தைப் போட்டால், பணமும் போகும், அந்த அம்மாவோடு பேச்சும் போகும்.

பணம் சேருகிற அந்த ஒரு வருஷத்தில் செலவைக் குறைக்கவும் வழி பார்த்து வைக்கலாம். மே மாசத்தில் மலைவாசஸ்தலங்களில் அறை வாடகை கொம்பு முளைத்து நிற்கும். அதே அறை காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் சாதுவாகிவிடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, புறப்படுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் முன்பு 120 நாள் முன்னதாக டிக்கெட் எடுத்தோம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, காலையிலேயே எடுத்துவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பையனுக்கு டிக்கெட் வேண்டாம். ஏழு வயதுப் பெண்ணுக்குத் தனி பெர்த் கேட்டால் முழு டிக்கெட், உங்களோடு படுத்துக்கொள்வாள் என்றால் அரை டிக்கெட். ஆறு நாளில் ஐந்து ஊர் என்கிற திட்டத்தை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சின்னக் குழந்தைகளோடு அது பயணமல்ல, தண்டனை. வேனுக்குள் வாந்தியும் ஈரத் துணியுமாகப் போய்விடும். ஓர் ஊர், ஓர் அறை, மூன்று ராத்திரி. காய்ச்சல் மருந்தும், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும், வெந்நீர் பிளாஸ்க்கும் கையோடு இருக்கட்டும்.

எல்லாம் சரி, அடுத்த வருஷக் கதை. எட்டு வருஷமாகக் களைத்திருக்கிற உங்களுக்கு இந்த வருஷம் என்ன வழி?

கையிலிருக்கிற காசு எவ்வளவோ அவ்வளவுக்குள் ஒரு நாள், இரண்டு நாள் போய் வாருங்கள். திண்டுக்கல்காரர்களுக்குச் சிறுமலை வாசற்படி மாதிரி. 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றே மாறிவிடும். விடியற்காலை புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய வீடு திரும்பலாம். கொடைக்கானலும் உங்களுக்குத் தூரமில்லை. அப்புறம், அம்மா வீடு. பிள்ளைகளை அவரிடம் இரண்டு நாள் விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் போய் வாருங்கள். "என்னது, நான் தனியாப் பார்த்துக்கணுமா?" என்று திகைப்பார். பார்த்துக்கொள்வார். என் வீட்டில் அந்த இரண்டு நாளில் மூன்று பால் பாத்திரம் தீய்ந்தது, வேறு ஆபத்தொன்றும் இல்லை.

வெளியூர் போகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சமையலறையோடு கூடிய காட்டேஜ் மலிவு என்று எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து குக்கர், மிக்ஸி, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி எல்லாம் மூட்டை கட்டி, கொடைக்கானல் குளிரில் ஈர விறைப்போடு வெங்காயம் நறுக்குகிறார்கள். வெளியே மூடுபனி இறங்குகிறது, இவள் முதுகைக் காட்டிக்கொண்டு தோசை வார்க்கிறாள். அதற்குக் கடன் வாங்கினால் என்ன, சேர்த்து வைத்துப் போனால் என்ன? டெபாசிட் ஆரம்பிக்கிற அன்றைக்கே அவரிடம் இந்த ஒரு நிபந்தனையைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: போகிற இடத்தில் அடுப்பு பற்ற வைப்பது உங்கள் வேலையில்லை. முதல் வேளைக் கட்டுச்சாதத்தோடு சரி.

என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். போய் வந்த பிறகு இன்னொரு கடிதமும் வேண்டும், அந்த மூன்று நாளும் காலைக் காபியை யார் கலந்து கொடுத்தார்கள் என்பதோடு.